தையல் மெஷினுக்குப் பாவம் இல்லை

ஒன்பது வயதில் உலகத்திலுள்ள பாவங்கள் அத்தனையும் எனக்குத் தெரியும். வரிசை தப்பாமல் மனப்பாடம் செய்திருந்தேன்.

அந்த வருடம் எங்கள் கோயிலில் முதல் நன்மை, அதாவது நற்கருணை அப்பத்தை முதல் தடவை, வாங்குவதற்குப் பதினொரு பிள்ளைகள் ஆயத்தமானோம். உக்குவளையில் ரயில் பாதைக்கு மேலே, மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே நிற்கும் சின்னக் கோயில் அது. ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி டீச்சர் எங்களை முன்வரிசை வாங்குப் பலகைகளில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். அவர் கேள்வியை முடிப்பதற்குள் என் கை உயர்ந்துவிடும். ஆத்துமாவையே சாகடிக்கும் சாவான பாவம் எது, அற்பப் பாவம் எது, ஒன்று மற்றொன்றாக மாறுவது எப்போது என்று மூச்சு விடாமல் சொல்வேன். மற்றப் பத்துப் பிள்ளைகளும் என்னை ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள் என்று நம்பியிருந்தேன். அது வேறு பார்வையாகவும் இருந்திருக்கலாம்.

கற்றதை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். அப்பா மாத்தளை டவுனில் மிளகும் கொக்கோவும் வாங்கும் கடையொன்றில் வேலை செய்தார். லீவு நாளில் முதலாளியின் போன் கோல் வந்தால், "அப்பா வீட்ல இல்லன்னு சொல்லு" என்பார். நான் எட்டாம் கட்டளையை எடுத்துச் சொல்வேன்: பொய் சொல்லாதே. அண்ணன் பக்கத்து வீட்டு ரம்புட்டான் மரத்துக்குக் கல்லெறிந்தபோது ஏழாம் கட்டளை. அம்மா ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்த்தபோது மூன்றாம் கட்டளை. அன்று அம்மா சவர்க்கார நுரையோடு நிமிர்ந்து, நாலாம் கட்டளை என்னவென்று தெரியுமா என்று கேட்டார். தாய் தகப்பனை மதித்து நடப்பது என்று டக்கென்று சொன்னேன். அம்மா ஏன் சிரித்தார் என்று எனக்குப் புரியவில்லை. பதில் சரியாகத்தானே இருந்தது.

எங்கள் கோயிலின் கடைசி வாங்கில், குடைகளைச் சாத்தி வைக்கும் மூலைக்குப் பக்கத்தில், ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருப்பார். அவர் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அலுவிகாரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வழியில் மாத்தளை டவுனிலேயே பெரிய கோயில் இருக்கும்போது இவர் ஏன் இவ்வளவு தூரம் வருகிறார் என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது. நன்மை கொடுக்கும் நேரம் வந்தால் எல்லோரும் எழும்பி வரிசையில் நிற்பார்கள். அத்தை மட்டும் எழும்பமாட்டார். பூசை முடிந்து வெளியே வரும்போது அம்மா அவர் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு வருவார். அப்பா அதற்குள் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்துவிடுவார்.

பெரியவர்கள் பேசும்போது பக்கத்தில் விளையாடுவதுபோல் இருந்து நான் சேர்த்துக்கொண்ட கதை இவ்வளவுதான். அத்தைக்கு இதே கோயிலில்தான் கல்யாணம் நடந்தது. கட்டி எட்டாம் மாதம் அந்த மாப்பிள்ளை டுபாய்க்குப் போனார். முதல் வருடம் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. ஐந்து வருடம் இருந்து பார்த்த அத்தை, தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டும் ஒரு சிங்கள மனிதரோடு அலுவிகாரையில் குடித்தனம் போனார். கோயிலில் தாலி கட்ட வழியில்லை. முதல் தாலி இன்னும் கோயில் புத்தகத்தில் இருந்தது. அன்றோடு அப்பா தனக்குத் தங்கை இல்லை என்று சொல்லிவிட்டார். ஆறு வருடம் ஆகியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா அப்படியில்லை. முதல் நன்மைக்குப் பெண்பிள்ளைகள் போடும் நீள வெள்ளைச் சட்டை எனக்கு வேண்டும் என்றானதும், சப்பாத்து வாங்கப் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு என்னை நேரே அலுவிகாரைக்குக் கூட்டிப்போனார். மாத்தளையில் கல்யாணம் கட்டிய பெண்களில் பாதிப் பேரின் உடுப்பு அத்தையின் மெஷினில் தைத்தது என்பார்கள். அத்தை அளவெடுத்துவிட்டு ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். நெஞ்சில் மெல்லிய மடிப்புகள், கையில் லேஸ், இடுப்பில் சாட்டின் பட்டி. சப்பாத்து வாங்கப் போகிறோம் என்று அம்மா சொன்ன பொய்யை மட்டும் நான் எட்டாம் கட்டளையோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. படம் அவ்வளவு அழகாக இருந்தது. திரும்பி வரும்போது பொய் முழுப் பொய்யாகிவிடாமல் இருக்க டவுனில் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்தும் வாங்கினோம்.

அடுத்த ஞாயிறு வகுப்பில்தான் என் அறிவு எனக்கே எதிரியானது. ஆறாம் கட்டளைக்கு வந்த டீச்சர் அதை அவசரமாகக் கடந்து போகப் பார்த்தார். நான் கையை உயர்த்தினேன்.

"டீச்சர், கோயில்ல கல்யாணம் கட்டாம ஒரு ஆளோட இருந்தா அது என்ன பாவம்?"

டீச்சர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "பெரிய பாவந்தான். அப்படி இருக்கிறவங்களுக்கு நன்மை வாங்க ஏலாது. இதெல்லாம் நீ இப்ப யோசிக்கத் தேவயில்ல."

ஆனால் நான் யோசித்து முடித்துவிட்டேன். அத்தை ஏன் எழும்புவதில்லை என்பது விளங்கிவிட்டது. சாவான பாவத்தில் இருக்கும் ஒருவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நான் எப்படி ஆண்டவரை வாங்குவது? சட்டையை நினைத்து இரண்டு நாள் வருத்தமாக இருந்தது. மூன்றாம் நாள், இவ்வளவு அழகான ஒன்றை வேண்டாம் என்று சொல்லப்போகிற என் புனிதத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை போட்டுப் பார்ப்பதற்குப் போனோம். அத்தையின் வீடு பெரிய ரோட்டுக் கடைகளுக்குப் பின்னால், ஒரு சந்துக்குள் இருந்தது. முன்னறையில் ஜன்னலோரம் மெஷின். ஒரு சுவரில், நெஞ்சிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக ஒளி வீசும் இரக்கத்தின் ஆண்டவர் படம். எதிர்ச் சுவரில் லொறி ஓட்டும் மாமாவின் புத்தர் படமும் அதைச் சுற்றி மின்னும் சின்ன பல்புகளும். முதலாம் கட்டளை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அத்தை என்னை ஒரு ஸ்டூலில் ஏற்றி நிறுத்திச் சட்டையைப் போட்டுவிட்டார். வாயில் ஐந்தாறு குண்டூசிகளைக் கடித்தபடி, தரையில் முழங்காலிட்டு இடுப்புப் பக்கம் பிடித்துக் குத்திக்கொண்டிருந்தார். அம்மா மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து லேஸைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் பார்த்தால் மனம் மாறிவிடும் என்று தெரிந்தது. சட்டென்று சொன்னேன்.

"அத்தை, எனக்கு இந்தச் சட்டை வேணாம். பாவத்துல இருக்கிறவங்க தைச்சதப் போட்டுக்கிட்டு நான் நன்மை வாங்க மாட்டேன்."

அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையிலிருந்த சின்னப் பஞ்சுத் தலையணையில் குத்தினார். கடைசி ஊசியையும் குத்திய பிறகுதான் பேசினார்.

"சரி கண்ணு. மெதுவாக் கழட்டு. ஊசி குத்திரும்."

அவரே கழற்றிவிட்டார். ஒரு ஊசிகூட என்மீது படவில்லை.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மாத்தளையில் பஸ் மாறினோம், அப்போதும் ஜன்னல்தான். உக்குவளையில் இறங்கியதும் ஒன்றைச் சொன்னார். "நீ நல்லாப் படிக்கிற புள்ளன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்." நான் நன்றாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் முதலாம் இடம். அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா என்னைப் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கை இருந்தது. அத்தையோடு பேசாமல் இருப்பதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி அல்லவா? அன்று பின்னேரம் அவர் இடியப்பம் சாப்பிட உட்கார்ந்தபோது நடந்ததை எல்லாம் சொன்னேன். அம்மா என்னைத் திருட்டுத்தனமாகக் கூட்டிப்போனதையும் மறைக்கவில்லை. பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

அப்பா பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அவகிட்டயேவா சொன்ன?"

"ஆமாப்பா. மொகத்துக்கு நேரா."

"என்ன சொன்னா?"

"ஊசி குத்திரும், மெதுவாக் கழட்டுன்னாங்க."

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். திருட்டுப் பயணத்தைப் பற்றி அம்மாவிடம் ஒரு சொல் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார். "அந்த மாப்பிள்ளையப் பாத்தது நான்தானே. வேணாம் வேணாம்னு அழுதா. நான்தானே புடிச்சுக் கட்டி வச்சேன்."

"இப்ப சாப்பிடுங்க" என்றார் அம்மா.

அப்பா சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போய் வாசலில் நின்றார். வயிற்று வலியாக இருக்கும் என்று நான் நினைத்தேன்.

முதல் நன்மை, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. இரக்கத்தின் ஞாயிறு என்று அதைச் சொல்வார்கள். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை எங்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், பாவங்களை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது. எங்கள் ஃபாதர் இளவயதுக்காரர். புதிதாக வந்தவர். மாத்தளைக் காற்று ஒத்துக்கொள்ளாமல் எப்போதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார். கோயிலின் பக்க அறையில் ஒரு தட்டிக்கு அப்பால் உட்கார்ந்திருந்தார். மற்றப் பிள்ளைகள் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். நான் நன்றாக ஆயத்தம் செய்துகொண்டு போயிருந்தேன்.

"அப்பா பொய் சொல்லச் சொன்னாரு, ஃபாதர். மூணு தடவை. அண்ணன் ரம்புட்டான் களவெடுத்தான். அம்மா ஞாயித்துக்கெழம உடுப்புத் தோச்சாங்க. எதிர் வீட்டு ஆன்ட்டி..."

"பொறு, பொறு. அதெல்லாம் அவங்க பாவம். அவங்க வந்து சொல்லிக்குவாங்க. ஒன்னோடது என்ன?"

"தேடிப் பாத்தேன் ஃபாதர். கெடைக்கல."

தட்டிக்கு அப்பால் இருமல் சத்தம் வந்தது. அது இருமல்தானா என்று இப்போது எனக்குச் சந்தேகம். இன்னும் கொஞ்சம் தேடச் சொன்னார். அண்ணனைக் கிள்ளியது ஞாபகம் வந்தது, அதைக் கொடுத்தேன். அது போதாது என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று, நான் செய்த நல்ல காரியமாக வெள்ளைச் சட்டை விஷயத்தையும் சொன்னேன்.

இருமல் நின்றுவிட்டது. மூக்குறிஞ்சும் சத்தமும் இல்லை. ஃபாதர் எழும்பிப் போய்விட்டாரோ என்று தட்டியின் ஓட்டைகளுக்குள் பார்த்தேன். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

"அந்தச் சட்டை இப்ப முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"தெரியாது ஃபாதர்."

"சரி. ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு. அப்புறம் அத்தை வீட்டுக்குப் போயி, சட்டை முடிஞ்சிருச்சான்னு கேட்டுட்டு வா. அதுதான் ஒனக்குப் பரிகாரம்."

"அது பரிகாரம் இல்லையே ஃபாதர். பரிகாரம்னா செபந்தானே?"

"பரிகாரம் குடுக்க எனக்கும் கொஞ்சம் தெரியும்மா" என்றார் அவர்.

புதிய ஃபாதருக்கு அனுபவம் போதாது என்று முடிவு செய்தேன். ஆனால் சட்டம் சட்டம்தான். கொடுத்த பரிகாரத்தைச் செய்யாமல் நன்மை வாங்கக் கூடாது. மறுநாள் சனி. அடுத்த நாள் நன்மை. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "நீ பேசின பேச்சுக்கு நான் எந்த மொகத்தோட அங்க போறது? நான் வரல்ல."

மிச்சம் இருந்தவர் அப்பாதான். அழுதுகொண்டே போய் விஷயத்தைச் சொன்னேன். பரிகாரம் செய்யாவிட்டால் எனக்கு முதல் நன்மை இல்லை. வெள்ளை உடுப்பில் பத்துப் பிள்ளைகள் போக நான் மட்டும் வாங்கில் இருக்க வேண்டிவரும்.

"ஃபாதரே சொன்னாரா, அத்தை வீட்டுக்குப் போகச் சொல்லி?"

"ஆமாப்பா. அவருக்குச் சரியாத் தெரியல்ல போல. ஆனா சொல்லிட்டாரு."

மறுநாள் காலையில் எழும்பிப் பார்த்தால் அப்பா மோட்டார் சைக்கிளைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். சக்கரத்தின் கம்பிகளைக்கூட ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு முகம் சவரம் செய்து, ஞாயிறு பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு வருவதற்கு இவ்வளவு ஆயத்தமா என்று எனக்குப் பொறுமை போய்விட்டது.

அலுவிகாரை விகாரையில் அன்று ஏதோ விசேஷம். ரோட்டில் எங்கே பார்த்தாலும் வெள்ளை. விகாரைக்குப் போகும் சனங்கள் கையில் பூத்தட்டுகளோடு ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் எல்லாம் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா வண்டியை நடை வேகத்தில்தான் ஓட்டினார். ஆனால் கடைகளைத் தாண்டியதும், யாரிடமும் கேட்காமல், சரியாக அந்தச் சந்துக்குள் திருப்பினார். ஆறு வருடத்தில் ஒரு நாளும் அந்த வீட்டுக்குப் போகாத மனிதர்.

கேற்றுக்கு வெளியே நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "போயிக் கேட்டுட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்."

அத்தை மெஷினில் இருந்தார். என்னைக் கண்டதும் கால் நின்றது. நான் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுக் கேட்டேன். "அத்தை, சட்டை முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு கண்ணு." ஆணியில் ஒரு பழைய சேலை தொங்கியது. அதை விலக்கிக் காட்டினார். உள்ளே என் சட்டை இருந்தது. பேப்பரில் போட்ட படத்தைவிட நன்றாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளைக்காக அவர் ஒரு கிழமை உட்கார்ந்து முழுவதையும் தைத்திருந்தார். நெஞ்சு மடிப்புகளுக்கு மேலே, படத்தில் இல்லாத சின்னச் சின்ன வெள்ளைப் பூக்களைக் கையால் போட்டிருந்தார். என் பரிகாரம் கேட்பதோடு முடிந்துவிட்டது. திரும்பிப் போயிருக்கலாம். கால் நகரவில்லை.

"கொண்டு போறியா?"

"ஃபாதர் கேக்க மட்டுந்தான் சொன்னாரு."

அத்தை என் முகத்தையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மாட்டிக்கொண்டு நின்ற இடம் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு முன்பு முகத்துக்கு நேரே நான் சொன்னதை அவர் அப்போது திருப்பிச் சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரம் கெஞ்ச வைத்திருக்கலாம். அவர் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல் சொன்னார்.

"ஒண்ணு சொல்லவா? நான் எங்க கண்ணு தைச்சேன்? மெஷின் தானே தைச்சுச்சு. மெஷினுக்குப் பாவம் இருக்கா?"

நான் யோசித்தேன். பாவம் செய்ய ஆத்துமா வேண்டும். மெஷினுக்கு ஆத்துமா இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஓட்டை இல்லாத வாதம். "இல்லை அத்தை. மெஷினுக்குப் பாவம் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னேன். கையால் போட்ட பூக்களைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெளியே கேற் திறக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலால் பார்த்தோம். மாமா வெட்டிய செவ்விளநீர் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் போய்க்கொண்டிருந்தார். கறுத்து, உயர்ந்த, சாரம் கட்டிய மனிதர். "மச்சான், நல்ல வெயில் தானே. இதக் குடிங்க" என்றார். அப்பா ஹெல்மெட்டோடு அப்படியே நின்றார். மாமா கையை நீட்டியபடியே நின்றார். இளநீர் அவர் விரல்களில் வழிந்தது. அத்தையின் கை மெஷின் சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு இளநீர் குடிக்க முடியாது. அப்பா கழற்றினார்.

"அண்ணன் நல்லா மெலிஞ்சிட்டாரு" என்றார் அத்தை மெதுவாக. "கோயில்ல பின்னாலருந்து பாக்கிறப்போ தெரியல்ல."

பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டு என் கையைப் பிடித்துக் கேற்றுவரை வந்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சொன்னார். "கீழ் மடிப்பு இன்னும் போடல்ல. சப்பாத்து போட்டுப் பாத்துத்தான் மடிக்கணும்."

அப்பா இளநீருக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார். "காலையில வீட்டுக்கு வா. பூசைக்கு முன்னாடி வா."

ஆறு வருடத்துக்குப் பிறகு பேசியது அவ்வளவுதான். திரும்பும் வழியில் அப்பாவின் முதுகு அடிக்கடி குலுங்கியது. ரோட்டில் பள்ளம் அதிகம் என்று நினைத்தபடி, பின்னால் இருந்து என் அருள் நிறைந்த மரியே செபத்தைச் சொல்லி முடித்தேன். பரிகாரம் முழுமையாக நிறைவேறியது. எனக்குத் திருப்தி.

ஞாயிறு விடியும்போதே அத்தை வந்துவிட்டார். மாமாவின் லொறி ரயில் கேற்றுக்குப் பக்கத்தில் அவரை இறக்கிவிட்டு அங்கேயே நின்றது. கேற்றைத் திறந்தது அப்பா. "வா" என்றார். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, பழைய இடம் பழைய இடமாகவே இருக்கிறதா என்று பார்ப்பவர்போல் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னை நாற்காலியில் ஏற்றினார். சப்பாத்தோடு நிறுத்தி, மடித்து, கையாலேயே தைக்கத் தொடங்கினார். மெஷின் அலுவிகாரையில் இருந்தது. அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை; சட்டை ஏற்கெனவே உடம்பில் ஏறிவிட்டது.

அம்மா சமையலறையிலிருந்து பால் தேத்தண்ணியும் இரண்டு துண்டு பாணும் கொண்டுவந்து வைத்தார். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்வரை யாரும் எதுவும் வாயில் வைப்பதில்லை. அது அத்தைக்கு மட்டும் கொண்டுவந்தது. "இருட்டோட எழும்பி வந்திருக்க. வயித்துக்கு ஒண்ணும் இல்லாம இருப்ப. குடி."

"பூசை முடியட்டும் அண்ணி."

"பரவாயில்ல, ஒரு வாய் குடி."

"வேணாம் அண்ணி. பூசைக்கு முன்னாடி நான் ஒண்ணும் எடுக்கிறதில்ல. எப்பவுமே எடுக்கிறதில்ல."

அத்தைக்குச் சட்டம் தெரியவில்லை என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நாற்காலியின் மேலே நின்றுகொண்டு, அன்பாகத்தான், விளக்கினேன்.

"அத்தை, நன்மை வாங்குறவங்கதான் வெறும் வயித்தோட போகணும். நீங்கதான் வாங்கறதில்லையே. நீங்க தாராளமாக் குடிக்கலாம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்த அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். அண்ணன்கூட அசையாமல் நின்றான். அத்தை கடைசித் தையலைப் போட்டு, குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"தெரியும் கண்ணு" என்றார்.

தேத்தண்ணியைத் தொடவில்லை.

பூசையில் நான் மூன்றாவதாகப் போய் நன்மை வாங்கினேன். பற்களில் படாமல் விழுங்க வேண்டும் என்பதிலேயே கவனமாக இருந்ததால் வேறு எதுவும் ஞாபகமில்லை. கைகூப்பித் திரும்பி வரும்போது கோயில் முழுவதும் எழும்பி வரிசையில் நின்றுகொண்டிருந்தது. வாங்குகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. கடைசியில் அத்தை மட்டும் முழங்காலில் இருந்தார். கண்கள் மூடியிருந்தன, உதடுகள் அசைந்தன. மெல்லிய பசி வாட்டம் முகத்தில் தெரிந்தது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்று பூசை முடிந்ததும் அப்பா நேரே ரயில் கேற்றுக்கு நடந்துபோய், லொறிக்குள் தூங்கிக்கொண்டிருந்த மாமாவைத் தட்டி எழுப்பிச் சாப்பிடக் கூட்டிவந்தார். இருவரும் மிளகு விளைச்சலைப் பற்றி நிறையப் பேசினார்கள். வேறு எதையும் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. அத்தையைக் கோயிலில் முன்னால் வந்து இருக்கச் சொல்லி அம்மா பல தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறு அப்பா எங்களுடைய வழக்கமான வாங்கைத் தாண்டிப் பின்னால் நடந்தார். அன்றிலிருந்து எங்கள் குடும்பம் முழுவதும் குடை மூலைக்குப் பக்கத்தில்தான். வகுப்பில் முதலாம் பிள்ளையான நான் அங்கே உட்காருவதா என்று எனக்குக் கொஞ்ச காலம் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

ஆனால் அந்த முதல் நன்மை நாளில் என் மனதில் இதெல்லாம் இல்லை. வீட்டுக்கு வந்தபோது மேசையில் தேத்தண்ணி ஆறி, மேலே ஏடு படிந்திருந்தது. அம்மா வேறு ஊற்றித் தருவதாகச் சொன்னார். அத்தை கேட்காமல் அதையே எடுத்து, விரலால் ஏட்டை ஒதுக்கிவிட்டு, ஒரே மூச்சில் குடித்தார். அவ்வளவு பசி. நான் புதுச் சட்டை கசங்காமல் எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம் அத்தை, இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொல்லியும் அவருக்கு விளங்கவில்லையே என்று நினைத்தேன். பந்திக்குப் போகாத ஒருவர் எதற்காக ஞாயிறு தவறாமல் பசியோடு வந்து காத்திருக்க வேண்டும்? அதை நான் அவரிடம் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் நிதானமாக, உதாரணங்களோடு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு, என் பங்குப் பாணை எடுத்துச் சாப்பிட்டேன்.